போரின் பில் எங்கள் கரைக்கு வரும் வழி

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாட்கள் மோதிக்கொண்டபோது, திருகோணமலைத் தேத்தண்ணிக் கடைகளிலும் சலூன்களிலும் பேச்சு முழுக்க ஆயுதங்களின் விலையைப் பற்றித்தான். ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் ஏறத்தாழ 200 கோடி டொலர். அப்படி ஏழு விமானங்கள் அமெரிக்காவிலிருந்து ஈரானுக்குப் போய், 14 குண்டுகளைப் போட்டுவிட்டு வந்தன. போய்த் திரும்ப 37 மணித்தியாலம். போன் திரையில் வரைபடம், அதில் சிவப்பு அம்புகள், பின்னால் சினிமா வில்லனுக்குப் போடுகிற மாதிரி இசை. பள்ளிக்கூடப் பையன்கள்கூட இந்த எண்களைத் தடுமாறாமல் சொன்னார்கள்.

எண்கள் சரிதான். ஆனால் அவை குண்டு போடுகிறவனுடைய செலவு மட்டும். அந்தக் குண்டு தலையில் விழுகிறவனுடைய செலவு வேறு. இரண்டு பக்கத்திலும் இல்லாமல், கேட்காமலே கட்டவேண்டி வருகிற மூன்றாமவனுடைய செலவு வேறு. திருகோணமலை பிந்திய இந்த இரண்டு செலவையும் கட்டியிருக்கிறது, வேறு வேறு காலத்தில். அதனால்தான் அந்தக் கணக்கை இந்த ஊரில் இருந்துகொண்டு விளக்க நினைக்கிறேன். தூரத்துப் போர் ஒன்று திருக்கடலூர்க் கரையில் நிற்கும் போட்டுக்குள் எப்படி வந்து ஏறுகிறது என்பதில் தொடங்கலாம்.

பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாக 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அது. அந்த வழி அடைபடவேண்டும் என்றில்லை, அடைபடலாம் என்ற பேச்சே விலையை ஏற்றப் போதும். 2025 ஜூனில் பீப்பாய் 70 டொலருக்குக் கீழே இருந்த, உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் சில நாட்களில் 80 டொலரை நெருங்கியது. சண்டை நின்றதும் இறங்கியது. அதோடு காப்புறுதி. கப்பலுக்கு வழமையான காப்புறுதி போக, போர் நடக்கும் கடலுக்குள் நுழைய ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக ஒரு கட்டணம் கட்டவேண்டும். அது கப்பலின் பெறுமதியில் இவ்வளவு வீதம் என்று கணக்கிடப்படும். 2023 நவம்பரில் யெமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில மாதங்களில் அந்தக் கட்டணம் கப்பல் பெறுமதியின் ஒரு வீதம் வரைக்கும் போனது. 10 கோடி டொலர் பெறுமதியான கப்பல் என்றால் ஒரு தடவை அந்தக் கடலைக் கடக்க 10 இலட்சம் டொலர். கட்ட மனமில்லாத கம்பனிகள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், அவ்வளவு நாளுக்குமான எண்ணெய், சம்பளம். இதில் எதையும் கப்பல்காரன் தன் கையிலிருந்து போடப்போவதில்லை. கொள்கலனுக்குள் இருக்கும் சாமானின் விலையில்தான் அது போய்ச் சேரும். வழி மாறிய கப்பல்களால் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலை கூடியது உண்மை. அந்த வருமானத்தில் ஒரு சதமும் மூதூர்ச் சந்தைக்கு வந்து மரக்கறி விலையைக் குறைக்கவில்லை.

இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். முன்பெல்லாம் உலகச் சந்தையில் விலை ஏறினாலும் அரசாங்கங்கள் தேர்தலுக்குப் பயந்து அதை மூடிவைக்கும். நட்டம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கணக்கில் கடனாகக் குவியும். 2022க்குப் பிறகு, உலக விலைக்கு ஏற்ப உள்ளூர் எரிபொருள் விலையை மாற்றும் விலைச் சூத்திரம் திரும்ப வந்துவிட்டது. மாதக் கடைசி இரவு புது விலை அறிவிக்கிறார்கள். மூடிவைத்து ஒருநாள் மொத்தமாக வெடிக்கவிடுவதைவிட இது நேர்மையான முறை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு: உலகின் எந்த மூலையில் சண்டை மூண்டாலும், ஒரு மாதத்துக்குள் அதன் பில் இங்கே வந்துவிடுகிறது.

கடற்கரையில் அந்த பில்லின் பெயர் மண்ணெண்ணெய். நிலாவெளி, சல்லி, இறக்கக்கண்டி, வீரநகர் என்று எந்தக் கரைக்குப் போனாலும், காலையில் போய் மத்தியானம் திரும்பும் சின்ன பைபர் போட்டுகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலிலேயே ஓட்டினால் மீன் விற்ற காசு காணாது. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட் வரைக்கும் லீற்றர் 87 ரூபாய். ஆகஸ்ட் 22 அன்று ஒரே அறிவிப்பில் 340 ரூபாய். ஒரு போட் ஒரு நாளைக்கு 25 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2,175 ரூபாயாக இருந்த செலவு மறுநாள் 8,500. கடல் கூடுதலாக மீன் தரப்போவதில்லை. அந்த நாட்களில் கரையில் நிமிர்த்தி வைத்த போட்டுகள் வரிசையாகக் கிடந்தன. விடிய நாலு மணிக்கே எஞ்சின் சத்தம் கேட்கிற இடத்தில் எட்டு மணிக்கும் ஆள் இல்லை. கடலுக்குப் போனால் எண்ணெய்க்காரனுக்கு, போகாவிட்டால் வட்டிக்காரனுக்கு என்பதுதான் கதை.

2022இன் நெருக்கடிக்கு உக்ரைன் போர் காரணம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. வரிகளைக் குறைத்தது, டொலர் கையிருப்பைக் கரைத்தது, ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியது எல்லாம் கொழும்பில் எடுத்த முடிவுகள். ஆனால் விழுந்துகொண்டிருந்த ஆளின் மேல் அந்தப் போர் ஏறி மிதித்தது. பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது; மார்ச்சில் எண்ணெய் பீப்பாய் 120 டொலரைத் தாண்டியது; ஏப்ரல் 12 இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாய்க்கு அடித்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470, டீசல் 121இலிருந்து 460. மாவும் அப்படித்தான். நாட்டின் பெரும்பகுதிக்கு மாவு அரைக்கும் பிறிமா ஆலை எங்கள் குடாவிலேயே நிற்கிறது. கோதுமைக் கப்பல் வந்து நிற்பதை வீதியில் போகும்போது பார்க்கலாம். உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால் பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து தந்துகொண்டிருந்தன. நம் கப்பலில் வருவது அவுஸ்திரேலியக் கோதுமையாக இருந்தாலும் விலை ஒரே சந்தையில்தான் தீர்மானமாகிறது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதற்காக எங்களுக்குப் பாண் மலிவாகக் கிடைக்கவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதே வருடம் மே மாதத்தில், போரை வென்ற தலைவர் என்று கொண்டாடப்பட்ட மகிந்த ராஜபக்ச, பதவி விலகிய கையோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தளத்துக்கு வெளியே மக்கள் கூடி நின்று கோஷம் போட்டார்கள்.

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியர் காட்டுக்குள் கட்டியவை, மேல், கீழ்த் தொகுதிகள் சேர்த்து 99 குதங்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 10 இலட்சம் தொன். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதில் ஒரு விமானம் 91ஆம் இலக்கக் குதத்தின் மேல் விழுந்தது. ஏழு நாள் எரிந்தது என்கிறார்கள். இரும்பு உருகி மடிந்த அந்தக் குதம் இன்றும் அப்படியே கிடக்கிறது. அதே நாள் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேரோடு கடலில் மூழ்கியது. நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் கிடக்கிறார்கள். கல்லறைகளில் எழுதியிருக்கும் வயதைப் பார்த்தால் இருபது, இருபத்திரண்டு.

அந்தக் குதங்கள் 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் வருகின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 குதம் இந்தியக் கம்பனிக்கு, 24 எங்கள் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவருக்கும் பொதுவாக என்று பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 5 இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. குதங்கள் நிரம்பினால் அடுத்த போரின்போது எண்ணெய்க்கு வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. 2022இல் குறைவாக இருந்தது குதம் அல்ல, டொலர். குதம் யாருடையதோ அவனுடைய எண்ணெய்தான் அதற்குள் இருக்கும். அதை வாங்க எங்களுக்குக் காசு வேண்டும்.

சண்டை ஓய்ந்த பிறகு வரும் பில்தான் பெரியது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2002 கடைசியில் ஈராக் போருக்கு 5,000 முதல் 6,000 கோடி டொலர்தான் செலவாகும் என்றார் அமெரிக்காவின் வரவுசெலவுத் திட்டப் பணிப்பாளர். 10,000 முதல் 20,000 கோடி வரை போகலாம் என்று சொன்ன ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் வேலையை இழந்தார். 2001க்குப் பிந்திய போர்கள் எல்லாவற்றுக்குமாக பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் போட்ட கணக்கு 8 ட்ரில்லியன் டொலர், அதாவது 8 இலட்சம் கோடி. அதில் இரண்டு இலட்சம் கோடிக்கு மேல் இனித்தான் வரவேண்டியது: காயப்பட்ட வீரர்களுக்கு 2050 வரை தரவேண்டிய மருத்துவமும் உதவித்தொகையும். போருக்கு வாங்கிய கடனின் வட்டி தனி. பிரித்தானியா இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பர் 29. சீனன்குடாக் குதங்களைக் கட்டிய அரசு அந்தப் போரின் கடனை அடைத்து முடிக்க 60 வருடம் பிடித்திருக்கிறது.

எங்களுக்கு 2006 என்றால் வேறு ஞாபகம். ஜனவரி 2 மாலை கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது, போர் திரும்பத் தொடங்கியது. ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் 17 ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் வெருகல், வாகரை என்று நடந்து மட்டக்களப்புக்குப் போனார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களுடைய காணி முதலீட்டு வலயமாகவும் கடற்படை முகாமாகவும் அனல் மின் நிலையத்துக்கான நிலமாகவும் குறிக்கப்பட்டது. 2015இலும் 2016இலும்தான் காணிகள் படிப்படியாகக் கையில் வந்தன. வந்தவர்கள் வேலி எங்கே, கிணறு எங்கே என்று பற்றைக்குள் தேடினார்கள். ஒன்பது வருடம் ஒரு குடும்பம் தன் வயலை விதைக்கவில்லை என்றால், மாட்டை விட்டுவிட்டு வந்தது என்றால், பிள்ளை முகாமிலேயே ஓ எல் வரைக்கும் போய் நின்றுவிட்டது என்றால், அது போரின் எந்தக் கணக்கில் ஏறும்? எதிலும் ஏறவில்லை.

அரசின் செலவு மட்டும் ஒழுங்காக ஏறியது, நாங்களும் அதற்குக் கட்டினோம். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த தேசிய பாதுகாப்பு வரி சவர்க்காரத்திலும் சீமெந்திலும் துணியிலும் விலையோடு விலையாகக் கலந்திருந்தது. 2002இல் பெறுமதி சேர் வரிக்குள் கரைந்துபோனது. குண்டு விழுந்த ஊரில் இருந்தவனும் அந்தக் குண்டுக்கு வரி கட்டினான். போர் முடிந்து 16 வருடத்துக்குப் பிறகு, 2025இல், பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் மிகப் பெரும் பகுதி சம்பளம், சாப்பாடு, சீருடை போன்ற நாளாந்தச் செலவு. 2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப்போவதாக 2023இல் அறிவித்தார்கள். அது நடக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன், எங்களுக்காக மட்டுமல்ல. வீட்டுக்கடனுக்காகவும் தங்கையின் சீதனத்துக்காகவும் படையில் சேர்ந்த தெற்குக் கிராமத்துப் பையன்களும் இந்தச் செலவில் ஒரு வரிதான்.

இவ்வளவு நீளமான கணக்கு ஏன் யாருக்கும் மனதில் நிற்பதில்லை? சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2022இல் வந்து உலகம் முழுக்க ஏறத்தாழ 150 கோடி டொலர் வசூலித்த 'டொப் கன்: மேவரிக்' படத்துக்கு அமெரிக்கக் கடற்படை விமானங்களைக் கொடுத்தது, படக் கம்பனி பறக்கும் மணித்தியாலத்துக்கு 11,374 டொலர் வரை கட்டியது. பென்ரகன் உதவி செய்யும் படங்களின் கதைப் பிரதியை அவர்கள் முதலில் படித்துப் பார்ப்பார்கள், வேண்டாததை மாற்றச் சொல்வார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் ஏற்பாடு இது. அந்தப் படத்தின் கதை என்ன? ஒரு நாட்டின் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குண்டு போட்டு அழிப்பது. எதிரி நாட்டுக்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாத நாட்டில் சந்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மறுநாள் காலை பாண் வாங்கப் போகும் ஆள் இல்லை. மூன்று வருடம் கழித்து உண்மையிலேயே யுரேனிய ஆலைகள் மேல் குண்டு விழுந்தபோது, எங்கள் பையன்கள் அதை ஏற்கெனவே பார்த்த படம் மாதிரிப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் கண்ணைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க இராணுவம் 2002இல் தானே ஒரு துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டைச் செய்து இலவசமாக விட்டது, ஆள் சேர்ப்பதற்கு.

பக்கத்து நாட்டிலும் இதே வேகம். 2025 மேயில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் சண்டையிட்டபோது, இந்தியா தன் நடவடிக்கைக்கு வைத்த பெயரை வணிகக் குறியாகப் பதிய உடனேயே விண்ணப்பங்கள் போயின. பெரிய நிறுவனமொன்று போட்டதைத் திரும்பப் பெற்றது. சில நாட்களுக்குள் ஒரு படத்தின் போஸ்டரும் வந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்பும் வந்தது. ஐபிஎல் ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. இங்கே பலருக்கு அந்தச் சண்டை உறைத்தது மட்ச் நின்றபோதுதான். எல்லைக் கிராமத்தில் ஷெல் விழுந்த வீட்டைப் பற்றி எந்த அலைவரிசையும் அரை மணித்தியாலம் பேசவில்லை. ஷெல் விழுந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்த நாங்களாவது கேட்டிருக்கவேண்டும்.

போரின் செலவைத் தனி மனிதன் அளவுக்கு இறக்கிக் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒரு சம்பவம் உண்டு. அதில் இலங்கையர்களும் காசு வாங்கினார்கள். 1990 ஆகஸ்ட் 2 ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே வேலை செய்த எங்கள் பெண்கள் உடுத்த துணியோடு ஜோர்தான் வழியாக ஓடிவந்தார்கள். போர் முடிந்ததும் ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, நட்டப்பட்டவர்களுக்குப் பிரித்தது. வேலையை விட்டு ஓடவேண்டி வந்த ஒரு ஆளுக்குக் குறைந்தது 2,500 டொலர். 2022 ஜனவரியில் அது கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தபோது மொத்தம் 5,240 கோடி டொலர் கொடுத்திருந்தது. அதிலும் அநியாயம் இருந்தது. குவைத்தின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மட்டும் 1,470 கோடி எடுத்தது. பணத்தைக் கட்டியது சதாம் உசேனின் வீட்டார் அல்ல, பொருளாதாரத் தடையில் வாடிய ஈராக்கியச் சனம். ஆனாலும் ஒன்று நடந்தது: வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் நட்டத்துக்கு உலகம் ஒரு படிவம் அச்சடித்தது, ஒரு தொகை நிர்ணயித்தது, தேடிப்பிடித்துக் கொடுத்தது.

இலங்கையில் இழப்பீட்டு அலுவலகத்துக்கான சட்டம் 2018இல் வந்தது. கிண்ணியா, மூதூர், சம்பூர், குச்சவெளி வீடுகளில் மேசை லாச்சியில் ஒரு பைல் இருக்கும். காணி உறுதியின் போட்டோப் பிரதி, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் போய்ச் சொன்ன வாக்குமூலத்தின் இலக்கம். எரிந்த போட் எந்தக் குதிரைவலு, வலை எத்தனை பாகம், விட்டுவந்த மாடு எத்தனை என்று அதில் எழுதியிருக்கிறது. குவைத்தில் தொலைந்த சூட்கேஸுக்கு விலை போட முடிந்ததென்றால் இதற்கும் முடியும். ஆட்களை அனுப்பி அந்தப் பைல்களை வாங்கி, கூட்டி, எத்தனை ரூபாய், எந்த ஆண்டு வரவுசெலவில், எந்த மாதம் கொடுப்போம் என்று அரசு எழுத்தில் சொல்லவேண்டும். பைலை வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.